ஓரத்தில் எழுதியவள்

இடது கையால் அவருடைய தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தலையணைக்கு அடியிலிருந்து புத்தகத்தை உருவினாள். தலை பாறாங்கல்லாய்க் கனத்தது. நாற்பத்திரண்டு வருஷமாக இந்தத் தலைக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஏதோ நிறையத்தான் இருந்திருக்கிறது.

“கோவிச்சுக்காதீங்க,” என்று காதோரம் சொல்லிவிட்டுத் தலையை மெல்லத் தாழ்த்தினாள். கலைந்த நரைமுடியை விரலாலேயே ஒதுக்கிவிட்டாள். பிறகு புத்தகத்தைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு, சொந்த வீட்டிலேயே திருட வந்தவள்போல அடிமேல் அடிவைத்துச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அவர் போய் இன்னும் ஒரு மணி நேரம் முழுசாக ஆகவில்லை. காலை ஒன்பதேகாலுக்கு மூச்சு நின்றது. டாக்டர் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எடுத்துப்போக வண்டி நாலு மணிக்கு. மகள் பால்கனியில் நின்று, ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நேற்றுச் சாயங்காலம் அவர் பேசியதுதான் கடைசிப் பேச்சு.

“ஆபரேட்டர்,” என்று கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவளை அப்படித்தான் கூப்பிடுவார். “அந்தப் புத்தகத்தை என்கூடவே வெச்சு அனுப்பிடு. நீ திறந்து பார்க்காதே.”

“ஏன், உள்ளே பாம்பு இருக்கா?”

“பாம்பு இல்ல. என் மானம் இருக்கு.”

இந்த ஒரு வார்த்தை போதாதா? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். லட்சம் பேர் பேசியதைக் கேட்டிருப்பாள். அதில் தொண்ணூற்றொன்பதாயிரம் பேர் பொய்தான் பேசினார்கள் என்று சத்தியம் செய்வாள். ‘ஆபீசில்தான் இருக்கேன்’ என்பவனுக்குப் பின்னால் ரயில் கூவும். காதலர்கள் பேசியதில் முக்கால்வாசி ‘அப்புறம்?’ என்ற ஒற்றைச் சொல்தான். மீதிக் கால்வாசி, ‘நீதான் சொல்லணும்.’ அதற்கே வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் காசைக் கரியாக்குவார்கள். அப்படிப்பட்டவளிடம் ‘திறந்து பார்க்காதே’ என்று சொல்வது, பூனையிடம் பால் சட்டியைக் கொடுத்து ‘முகர்ந்துகூடப் பார்க்காதே’ என்று சொல்வதுபோல.

அது என்ன புத்தகம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஊரே கொண்டாடும் அந்தப் பழைய காதல் நாவல்தான். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒருவன் ஒருத்தியை ஒரே ஒரு முறை ஜன்னலில் பார்க்கிறான். அந்த ஜன்னலுக்குக் கீழே பன்னிரண்டு வருஷம் நிற்கிறான். கடைசியில் அவள் இறங்கி வருகிறாள். கதை அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு மூன்று தலைமுறை விக்கி விக்கி அழுதிருக்கிறது. அவள் அழவில்லை. கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் அதை உரக்கப் படித்துக் காட்டுவார். அவள் சமையலறையில் வேலை பார்த்தபடி கேட்பாள். கேட்டாளே தவிர, ஒரு வார்த்தை குறுக்கே பேசியது கிடையாது. அப்படித்தான் அவளுக்கு ஞாபகம். மகள் பிறந்ததோடு அந்த வாசிப்பும் நின்றுபோயிற்று. அப்புறம் புத்தகம் பழுப்பு அட்டை போட்டுக்கொண்டு அவருடைய பீரோவின் மேல்தட்டில் உட்கார்ந்துகொண்டது. படுத்த படுக்கையானதும் தலையணைக்கு அடியில் குடிவந்தது. அவள் கைக்கு ஒருநாளும் வந்ததில்லை.

இப்போது வந்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் திறந்தாள்.

ஓரமெல்லாம் பென்சில் எழுத்து!

பக்கத்துக்குப் பக்கம், மேலே, கீழே, பக்கவாட்டில், கோட்டைக்குள் புகுந்த எறும்புப் படைபோல. அதுவும் ஒருவர் எழுத்து அல்ல, இரண்டு பேருடையது. ஒன்று அவருடைய கோணல் எழுத்து, காற்றில் சாய்ந்த வேலிபோல. அதைத்தான் நாற்பத்திரண்டு வருஷமாக மளிகைச் சீட்டில் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள். மற்றொன்று முத்து முத்தாக, உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒவ்வோர் எழுத்தும் குளித்துத் தலைவாரிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. இவளுடைய எழுத்து அல்ல. இவள் கையெழுத்து இவளுக்கே புரியாது.

நாற்பதாம் பக்கம். கதாநாயகன் ஜன்னலைப் பார்த்துச் சபதம் செய்யும் இடம். ஓரத்தில் உருண்டை எழுத்து: ‘ஒரு தடவை பார்த்ததுக்கே சபதமா? ரெண்டு தடவை பார்த்திருந்தா வீட்டையே எழுதி வாங்கியிருப்பான்.’

கீழே அவர்: ‘அது அந்தக் காலத்து மனம்.’

உருண்டை: ‘அந்தக் காலத்துல அவளுக்கும் ஒரு மனசு இருந்திருக்குமே. அது எத்தனாவது பக்கத்துல வருது?’

அவர்: ‘தேடுகிறேன்.’

அவள் பக்கத்தை ஜன்னலுக்கு இன்னும் அருகே பிடித்தாள். எழுதியவளை நேருக்கு நேர் நாலு கேள்வி கேட்க வேண்டும்போலவும் இருந்தது. அதே நேரம், ‘சபாஷ், நறுக்குன்னு கேட்டா பாரு’ என்று கையைத் தட்ட வேண்டும்போலவும் இருந்தது. தான் நினைத்து நினைத்து வாய்க்குள்ளேயே வைத்திருந்ததையெல்லாம் எவளோ ஒருத்தி அவரிடம் வாயாரச் சொல்லியிருக்கிறாள்! புருஷனைப் பங்கு போட்டவளைக்கூட மன்னித்துவிடலாம். ஒரு பெண்ணின் அபிப்பிராயத்தையே அபகரித்தவளை எப்படி மன்னிப்பது?

நூற்றுப்பதினெட்டாம் பக்கம். கதாநாயகன் ஜன்னல்காரியின் கைக்குட்டையை எடுத்து ஒளித்து வைக்கிறான். உருண்டை: ‘ஸ்டேஷன்ல சொன்னா திருட்டு. புத்தகத்துல சொன்னா காதல்.’ அவர்: ‘திருப்பித் தந்துவிடுவான், பொறு.’ உருண்டை: ‘எப்போ? கிழிஞ்ச பிறகா?’

இருநூற்று மூன்று. அவளுக்கு வந்த கடிதத்தை அவன் பிரித்துப் படிக்கிறான். உருண்டை: ‘அடுத்தவங்க பேசுறது காதுல விழலாம். கை நீட்டி எடுக்கக் கூடாது.’

அந்த வரியை விரல் வைத்து மறுபடியும் படித்தாள். இது எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர் அம்மாள் முதல் நாளே சொல்லித் தந்த பாடம்! அதைக்கூடக் கொண்டுபோய் அவளிடம் சொல்லியிருக்கிறார் மனுஷன். வீட்டில் பேசியது ஒன்று பாக்கியில்லாமல் அங்கே போயிருக்கிறது.

இருநூற்று அறுபதாம் பக்கத்தில் அவள் உட்கார்ந்தேவிட்டாள், மண்ணெண்ணெய் டின்மேல். அங்கே உருண்டை எழுத்தில் இரண்டே சொல்: ‘இருங்க, பால்.’

பாலா? இருங்களா? அப்படியானால் அந்த மகராசி பால் காய்ச்சும்போது இவர் அவள் சமையலறை வாசலிலேயே நின்றிருக்கிறார்! அவர் வேலை பார்த்த லைப்ரரியில் ஏது அடுப்பு? ஆக, வீட்டுக்கே போய்வந்திருக்கிறார்!

“அம்மா! உள்ளே என்ன பண்றே?” மகள் கதவைத் தட்டினாள்.

“டீ போடுறேன்.”

“கதவைச் சாத்திக்கிட்டா?”

“ஆவி வெளியே போயிடும்டி.”

புத்தகத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் செருகிவிட்டு வெளியே வந்தாள்.

மகளும் மாடிவீட்டுக்காரரும் அவரைத் தூக்கிக் கூடத்துக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மேல்பையில் மூக்குக்கண்ணாடி, ஒரு பென்சில், ஒரு ரப்பர்.

“ரப்பரெல்லாம் எதுக்குடி?”

“அது இல்லாம அப்பா எங்கேம்மா போயிருக்கார்?”

வாஸ்தவம். லைப்ரரியில் முப்பத்தாறு வருஷம் ஒன்றாம் கவுன்ட்டர். திரும்பி வருகிற புத்தகங்களில் வாசகர்கள் போட்ட இதயம், அம்பு, மீசை, பரீட்சை விடை எல்லாவற்றையும் தினம் ஒரு மணி நேரம் அழிப்பார். சட்டையெல்லாம் ரப்பர் தூள் உதிரும். புத்தகத்தில் கிறுக்கியவன் மந்திரியே ஆனாலும் நிற்க வைத்துத் திட்டுவார். ‘பொதுச் சொத்துல எழுதுறவன் பஸ்ல எச்சில் துப்புறவன்’ என்பார். அப்பேர்ப்பட்டவர் ஒரு புத்தகம் முழுக்க ஒருத்தியோடு பென்சிலில் கொஞ்சியிருக்கிறார் என்றால் அவள் எப்பேர்ப்பட்டவளாக இருக்க வேண்டும்! கண்ணை மூடிக் கிடந்த முகத்தைப் பார்த்தாள். நல்ல பிள்ளைபோல வைத்திருந்தார் முகத்தை.

பதினொரு மணிக்கு அவருடைய அக்கா வந்து இறங்கினாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, வந்திருந்த அக்கம்பக்கத்தாரிடம் கதையை ஆரம்பித்தாள். குடும்பத்தில் யார் வீட்டு விசேஷமானாலும் துக்கமானாலும் அந்தக் கதை உண்டு.

“என் தம்பி இவளுக்காகப் பதினோரு மாசம் நின்னான், தெரியுமா? எக்ஸ்சேஞ்சுக்கு எதிர்த்தாப்புல சைக்கிள் ஸ்டாண்டுல. கையில அந்தப் புத்தகம். வெயில், மழை, எதுக்கும் அசையலையே! கல்லும் கரைஞ்சுது, இவளும் கரைஞ்சா. அந்த நாவல்ல வர்ற மாதிரியே!”

“எவ்வளவு அழகா இருக்கு கேக்க!” என்றாள் மாடிவீட்டுக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“அண்ணி, கல்லு கரைஞ்சதை நீங்க பக்கத்துல நின்னு பார்த்தீங்களா?” என்றாள் இவள்.

“பார்த்தியா, இன்னிக்குக்கூட இவ வாய்!”

“எனக்கென்ன வாய்? நான் பாட்டுக்குப் பேசாம இருக்கேன்.”

மகள் அழுகைக்கு நடுவே நிமிர்ந்து பார்த்தாள். “நீயாம்மா? பேசாமயா?”

அந்தக் கதை பொய் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். அதில் ஒருவர் கட்டிலில் கிடக்கிறார். பதினோராவது மாசம் அவள் விடுவிடுவென்று தெருவைக் கடந்து போய் அவர் முன்னால் நின்றாள். “என்ன வேணும்?” “ஒண்ணுமில்லைங்க.” “தினம் நீங்க இங்கே நிக்கிறது எனக்கு முதுகுல ஊசி குத்துற மாதிரி இருக்கு. வீட்டுக்குப் போங்க.” அவர் முகம் சுண்டிப்போயிற்று. “தெரியாமப் போச்சுங்க, மன்னிச்சிடுங்க” என்றார். போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அடுத்த மாசமும் வரவில்லை. நாலு மாசம் சைக்கிள் ஸ்டாண்டில் சைக்கிள்கள் மட்டும் நின்றன.

நாலாவது மாசம் ஒரு மத்தியானம், கூட்டமில்லாத நேரம் பார்த்து, அவள் தன் டெலிபோன் போர்டிலிருந்தே லைப்ரரிக்கு ஒரு லைனைப் போட்டாள். முப்பத்தோரு வருஷ உத்தியோகத்தில் அவள் செய்த ஒரே சட்டவிரோதம் அது. “யார் வேணும்?” என்றது ஒரு குரல். “போன்னு சொன்னதும் போனவர்,” என்றாள். மறுமுனையில் எதுவோ கீழே விழும் சத்தம் கேட்டது. பிற்பாடு விசாரித்ததில் அது மைக்கூடு என்று தெரிந்தது.

இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. ஒரு பெண் தானாகப் போன் செய்தாள் என்பதைவிட, ஒரு ஆண் பதினோரு மாசம் நின்றான் என்பதுதானே எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. அவரும் சொல்லாமலே சிரித்துக்கொண்டு இருந்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் அவள் எப்போதும் சந்தேகித்தாள். அவர் ஆசைப்பட்டது யார் மேல்? போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இவள் மேலா, அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் வாயைத் திறக்காத அந்த ஜன்னல்காரி மேலா? நாற்பத்திரண்டு வருஷம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. இன்று பார்த்தால் மூன்றாவதாக உருண்டை எழுத்துக்காரி ஒருத்தியும் வரிசையில் நிற்கிறாள். நாலு மணிக்குள் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் அந்தப் புத்தகத்தை அவரோடு அனுப்ப முடியாது. அனுப்பாமல் விட்டால் அவருடைய கடைசி வார்த்தையைத் தட்டியதாகும்.

அவள் வேலையில் இறங்கினாள். மகளுடைய பழைய நோட்டு ஒன்றை எடுத்து வாசல் மேஜைமேல் வைத்து, ஒரு பேனாவையும் கட்டித் தொங்கவிட்டாள்.

“வர்றவங்க பேரும் விலாசமும் எழுதிட்டுப் போகட்டும்.”

“எதுக்கும்மா?”

“நன்றி சொல்லிக் கார்டு போட வேணாமா?”

மகள் நெகிழ்ந்துபோனாள். துக்கத்திலும் அம்மாவுக்கு எவ்வளவு மரியாதை தெரிகிறது!

மத்தியானம் வரைக்கும் ஐம்பது பேர் எழுதியிருப்பார்கள். ஒவ்வொருவர் போனதும் அவள் எழுந்து போய் நோட்டைப் பார்த்துவிட்டு வருவாள். எதிர்வீட்டுத் தையல்காரி: நண்டு ஊர்ந்த எழுத்து, இல்லை. பல் டாக்டரின் மனைவி: அவளும் கிறுக்கல், இல்லை. கண்ணில் ஈரம் அதிகமாக இருந்தவர்களை இரண்டு தடவை சோதித்தாள். தொண்ணூறு வயசு பால்காரரின் விதவைத் தங்கையைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. அந்த அம்மாளுக்கு எழுதவே தெரியாது என்றதும், ‘நடிப்போ?’ என்று ஒரு நிமிஷம் யோசித்தாள்.

மூன்றரை மணி இருக்கும். ரெண்டாம் கவுன்ட்டர் வந்தாள்.

லைப்ரரியில் அவருக்குப் பக்கத்துக் கவுன்ட்டரில் இருபத்தைந்து வருஷம் உட்கார்ந்திருந்தவளுக்கு வீட்டில் அதுதான் பெயர். இவளைவிடப் பத்து வயசு இளையவள். வந்தவள் கட்டிலைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து, “சார்... சார்...” என்று தேம்பித் தேம்பி அழுதாள். சொந்த அக்காவே அவ்வளவு அழவில்லை.

“எழுந்திரும்மா. முதல்ல நோட்டுல எழுது,” என்றாள் இவள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ரெண்டாம் கவுன்ட்டர் எழுதினாள். இவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

முத்து முத்தாக. உருண்டையாக. ஒன்றோடொன்று ஒட்டாமல்.

காதுக்குள் பழைய போர்டில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்து, எல்லா லைனும் ஒரே நேரத்தில் அலறியது. ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. “கொஞ்சம் உள்ளே வா,” என்று கையைப் பிடித்தாள். பிடி எப்படியிருந்ததென்றால், போலீஸ்காரன்கூட அவ்வளவு அன்பாகப் பிடிக்க மாட்டான். சமையலறைக் கதவைச் சாத்தி, அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

“இது என்னன்னு தெரியுதா?”

ரெண்டாம் கவுன்ட்டர் வாங்கினாள். அட்டையைப் புரட்டினாள். முதல் பக்கத்து முத்திரையையும் எண்ணையும் பார்த்தவளின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது.

“ஐயோ! இது இங்கேயா இருக்கு?”

“வேற எங்கே இருக்கும்னு நினைச்சே?”

“அக்கா, நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஸ்டாக் எடுத்தப்போ இந்த ஒரு பிரதிதான் கணக்குல வரலை. நானும் சாரும் மூணு நாள் தேடினோம். சார் ஏணி மேல ஏறி, பரண் தூசியெல்லாம் தட்டி, தும்மித் தும்மி... கடைசில அவரே ‘காணவில்லை’ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாரு. ‘எந்தத் திருடனோ’ன்னு திட்டினாரு அக்கா!” சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தைத் திருப்பியவள் வீறிட்டாள். “ஐயையோ, எழுதி வேற வெச்சிருக்காரே! பென்சில்ல! சாரா!”

“அவர் எழுதினது இருக்கட்டும். இந்த உருண்டை எழுத்து யாரோடது? இப்போதான் வாசல்ல நீ எழுதினே. ரெண்டும் ஒண்ணா இல்லையா?”

ரெண்டாம் கவுன்ட்டர் ஒரு கணம் விழித்தாள். பிறகுதான் தன்மேல் இருக்கும் குற்றச்சாட்டு அவளுக்குப் புரிந்தது. அதில் ஒன்று மட்டும் அவளைப் பலமாகத் தைத்தது.

“நானா? லைப்ரரி புத்தகத்துல எழுதுவேனா? என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?”

“அப்போ?”

“இது கார்டு எழுத்து அக்கா. ஒவ்வொரு புத்தகத்துக்கும் டிராயர்ல ஒரு கார்டு இருக்கும்ல, அதுல எழுதுற எழுத்து. எவன் வந்து பார்த்தாலும் புரியணும், காலத்துக்கும் நிக்கணும்னு சார்தான் எங்களுக்குப் பழக்கினாரு. லைப்ரரியில வேலை பார்த்த ஏழு பேரும் இப்படித்தான் எழுதுவோம். ‘நிக்க வேண்டியதை இதுல எழுதுங்க, மத்ததை எப்படி வேணா கிறுக்கிக்கோங்க’ம்பாரு.”

“அவருக்கு இந்த மாதிரி எழுத வருமா?”

“என்ன அக்கா இப்படிக் கேக்குறீங்க? அவர் எழுதினா அச்சு தோத்துடும். நீங்க ஒரு தடவைகூட லைப்ரரிக்கு வந்ததில்லையே.”

இல்லைதான். அவள் போனதில்லை. போன் மட்டும்தான் செய்தாள்.

ஆனாலும் ஆபரேட்டர் புத்தி விடுமா? ஒரு சந்தேகம் இப்போது ஏழாகக் குட்டி போட்டது. ஏழு பேரில் யார்? கணக்குப் போட ஆரம்பிக்கும்போதே, ரெண்டாம் கவுன்ட்டர் பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் படித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே களுக்கென்று சிரித்தாள்.

“‘பன்னெண்டு வருஷம் நிக்கிறானே, இவன் பல்லு எப்போ தேய்ச்சான்?’ அக்கா, யாரோ உங்களை மாதிரியே பேசியிருக்காங்க.”

“என்னை மாதிரியா?”

“சார் கவுன்ட்டர்ல சொல்லுவாரே. ‘எங்க வீட்டு ஆபரேட்டர் இன்னிக்கு என்ன சொன்னா தெரியுமா’ன்னு. காலையில வந்து முதல் பேச்சே அதுதான். எங்களுக்கெல்லாம் உங்க வாய் மனப்பாடம்.”

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டது. மகள் கூப்பிட்டாள். ரெண்டாம் கவுன்ட்டர் புத்தகத்தை இவள் கையில் வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள்.

அவள் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினாள். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. கதை முழுக்க வாய் திறக்காத அந்த ஜன்னல்காரி அந்த ஒரு பக்கத்தில் மட்டும் ‘போய்விடுங்கள்’ என்கிறாள். கதாநாயகன் போகவில்லை. மழையில் நனைகிறான். ஆசிரியர் அதை ஒன்றரைப் பக்கம் வர்ணிக்கிறார்.

ஓரத்தில் உருண்டை எழுத்து: ‘போன்னா போகணும்.’

கீழே கோணல் எழுத்து: ‘நான் போனேனே.’

அதற்கும் கீழே, முத்து முத்தாக, காலத்துக்கும் நிற்கிறமாதிரி: ‘அதனாலதானே கூப்பிட்டேன்.’

அடுப்பைப் பார்த்தாள். எதுவும் கொதிக்கவில்லை. ஆனாலும் கையை நீட்டி அணைப்பதுபோல ஒரு தடவை திருகினாள். பிறகு இருநூற்று அறுபதாம் பக்கத்துக்குத் திரும்பிப் போய் அந்த இரண்டு சொல்லை மறுபடியும் படித்தாள். இருங்க, பால். தான் அடுப்படியிலிருந்து சொன்னதைப் போய் எழுதி வைத்திருக்கிறாரே மனுஷன்.

“அம்மா, நேரமாச்சு!”

“இருடி!”

மடமடவென்று கடைசிக்குப் போனாள். ஐந்நூற்று எண்பதுக்குமேல் ஓரங்களில் ஒன்றுமில்லை. மகள் பிறந்து, வாசிப்பு நின்றுபோன இடம் அது. பக்கம் பக்கமாக வெறும் வெள்ளை. ஜன்னல்காரி கதவைத் திறக்கிறாள். படி இறங்குகிறாள். கடைசி வரி. முற்றும்.

‘முற்றும்’ என்பதற்குக் கீழே, கோணலிலும் கோணலாக, நடுங்கி நடுங்கி, சமீபத்தில் எழுதிய ஒரு வரி இருந்தது: ‘இதுக்கு ஆபரேட்டர் என்ன சொல்லுவா?’

அதற்குக் கீழே பாதிப் பக்கம் காலியாக விட்டிருந்தது.

திறந்து பார்க்காதே என்றால் அவள் என்ன செய்வாள் என்று, நாற்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா என்ன?

கூடத்துக்கு வந்தாள். நாலு பேர் கட்டிலின் நாலு பக்கமும் தயாராக நின்றார்கள். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். புத்தகத்தை மடியில் விரித்து, தன்னுடைய அந்தப் பொல்லாத கையெழுத்தில், நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். ஒரு வரி எழுதினாள். யோசித்தாள். இன்னும் இரண்டு வரி எழுதினாள். பாதிப் பக்கமும் நிரம்பி, பக்கவாட்டில் ஏறி, மூலையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. வண்டிக்காரர் ஹாரன் அடிக்க நினைத்து, அவளைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“என்னம்மா எழுதுறே?” மகள் குனிந்தாள்.

“உனக்குப் புரியாது. என் எழுத்து.”

“அந்த நாவலைத்தான் உனக்குப் பிடிக்காதே.”

“இப்பவும்தான் பிடிக்கலை. அவன் ஒரு உதவாக்கரை.”

புத்தகத்தை மூடி அவருடைய வலது கைக்கு அடியில் வைத்து, விரல்களை அதன்மேல் ஒவ்வொன்றாகப் படிய வைத்தாள். பென்சிலைப் பையில் திரும்பச் செருகினாள். நாலு பேரும் குனிந்தார்கள்.

“ஒரு நிமிஷம்.”

மறுபடியும் அந்தப் பைக்குள் இரண்டு விரலை விட்டாள். ரப்பரை எடுத்துக்கொண்டாள்.

வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. அவருடைய அக்கா மாடிவீட்டுக்காரியிடம் மறுபடியும் சைக்கிள் ஸ்டாண்டு கதையை ஆரம்பித்திருந்தாள். இவள் வாசலிலேயே நின்றாள். மகள் வந்து கையைப் பிடித்தாள். மூடியிருந்த விரல்களுக்கு நடுவிலிருந்து ரப்பர் தூள் கொஞ்சம் படியில் உதிர்ந்தது.